பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரோடு எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் லிஃப்டுக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டு சத்தம் கேட்போம். அவர் தலையாட்டின பிறகுதான் நான் பொத்தானை அழுத்தலாம். கல்யாணமான புதிதில், "கயிறு அறுந்தா என்னங்க ஆகும்?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். கயிறு அறுந்தால் பிடிக்க ஒரு பிரேக், அது பிடிக்காமல் போனால் பிடிக்க இன்னொரு பிரேக் என்று தட்டில் இருந்த சாப்பாடு ஆறிப்போகும் வரை விளக்கினார். எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் இருக்கிறது. அவசரத்துக்கு வெளியே ஓட வேண்டுமென்றால் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதரைக் கூட்டிக்கொண்டு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போனேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

கார் எனக்குத்தான் தேவைப்பட்டது. நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கையை நீட்டச் சொல்லி, ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. இடம் ஒரு கட்டடத்தின் அடித்தளம். ஜன்னல் கிடையாது. வெளியே மழை பெய்கிறதா என்று வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். இத்தனை வருஷமும் அந்த ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே வெந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் சேவையை எங்கள் நிலையம் ஆரம்பிக்கப் போகிறது என்று செய்தி வந்தது. சொந்தக் கார் இருக்க வேண்டும், தனியாக ஓட்டத் தெரிய வேண்டும், பெட்ரோல் செலவு அவர்களுடையது. காலையிலிருந்து மதியம் வரை தெருக்களில் போகலாம், மரங்களைப் பார்க்கலாம். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட மாதிரி என் கல்யாணத்துக்குக்கூட ஆசைப்பட்டதில்லை.

லைசென்ஸ் இருந்தது. என்றைக்கோ எடுத்ததோடு சரி. அதன்பிறகு அதைப் போகிற இடத்திலெல்லாம் அடையாள அட்டையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். என் கணவரிடம் அதுவும் கிடையாது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவர் பேசப்போகிற பேச்சைக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பழைய கார்கள் விற்கும் புரோக்கர், தன்னிடம் இருந்த ஒவ்வொரு வண்டியையும் "தங்கம்மா இது, தங்கம்" என்று தட்டிக் காட்டினார். அதனால் அவருக்கு எங்கள் வீட்டில் தங்கம் என்றே பெயர் விழுந்துவிட்டது. என் கணவர் வெள்ளைச் சட்டையோடு ஒவ்வொரு தங்கத்துக்கும் அடியில் படுத்து எழுந்தார். ஒன்றில் ஹேண்ட் பிரேக் தளர்ந்திருந்தது. இன்னொன்றில் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. மூன்றாவதில் குறை ஒன்றும் அகப்படவில்லை, அதனாலேயே அதன்மீது அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தங்கத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு சின்ன வண்டி நின்றது. நான் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். வெளிறிய நீல ஹேட்ச்பேக். நான்கு மூலையிலும் நெளிசல். கதவில் ஒட்டியிருந்த எழுத்துகளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள், ஆனால் 'ஓட்டுநர் பயிற்சி' என்று இன்னும் படிக்க முடிந்தது.

"அது வேண்டாம் மேடம்," என்றார் தங்கம். முதல் தடவையாக உண்மை பேசினார். "டிரைவிங் ஸ்கூல் வண்டி. கண்டவன் கையிலயும் பட்டது. உள்ள பாருங்க, பக்கத்து சீட்டுக்கும் தனியா கிளட்ச், பிரேக் எல்லாம் வச்சிருக்கு."

என் கணவர் நிமிர்ந்தார். "பக்கத்து சீட்டுக்குமா?"

"சொல்லிக்குடுக்கறவருக்கு சார். கழட்டறது சின்ன வேலைதான். நானே கழட்டிக் குடுத்துடறேன்."

இவர் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். மெதுவாக அழுத்தினார். அந்தப் பக்கம், ஓட்டுகிறவரின் பிரேக்கும் தானாகக் கீழே இறங்கியது. எங்கள் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் மறுபடி வந்தது அவருக்கு.

"கழட்டினா இந்த வண்டி வேண்டாம்," என்றார்.

"என்னங்க, உங்களுக்குக் கார் ஓட்டவே தெரியாதே!"

"ஓட்டத்தான் தெரியாது. நிறுத்தத் தெரியும்."

விலை மற்ற வண்டிகளில் பாதிதான் இருக்கும். எஞ்சினும் நன்றாக இருந்தது. கத்துக்குட்டிகளிடம் இத்தனை வருஷம் அடிபட்டும் ஓடுகிற வண்டி, என்னையும் பொறுத்துக்கொள்ளும் என்று தோன்றியது. வாங்கிவிட்டேன். கல்லூரியில் படிக்கிற என் மகள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்தாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது நான் எதில் மாட்டிக்கொண்டேன் என்று. தெருமுனை வருவதற்கு வெகுமுன்பே வாத்தியார் கிறீச்சென்று நின்றார். நான் பிரேக்கைத் தொடவில்லை.

"ஏங்க?"

"நாய்."

"அது படுத்துத் தூங்குதுங்க."

"எழுந்துட்டா?"

நாய்க்கு நின்றோம். புறாவுக்கு நின்றோம். காற்றில் உருண்டு வந்த ஒரு பிளாஸ்டிக் பைக்கு நின்றோம். பச்சை விளக்கு எரிந்த இடத்திலும், அது சிவப்பாக மாறினால் என்ன செய்வது என்று நின்றோம். பிரேக்கை மட்டும் அமுக்குவார், கிளட்சைத் தொட மாட்டார். ஆகவே நின்ற இடத்திலெல்லாம் எஞ்சின் குலுங்கி அணைந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, பக்கத்தில் வந்து, கண்ணாடியை இறக்கி, என்னைத்தான் திட்டினார்கள். இவர் ஒன்றும் அறியாத குழந்தை மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"காலை எடுங்க. எடுக்கலைன்னா இறங்கி பஸ்ல வாங்க," என்றேன் ஒரு நாள். சரி என்று இரண்டு காலையும் மேலே தூக்கி இருக்கையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கோலத்தில் ஒரு தெரு தாண்டினோம். இரண்டாவது தெருவில் யாரோ ஒருவர் நடைபாதையில் நின்று தும்மினார். இவருடைய இரண்டு காலும் ஒன்றாக இறங்கின.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் முழங்கால் அசைவதை ஓரக்கண்ணால் பார்த்ததும் டக்கென்று கிளட்சை மிதிக்கப் பழகிக்கொண்டேன். அவர் நிறுத்துவார், நான் எஞ்சினைக் காப்பாற்றுவேன். குலுக்கல் போயிற்று. வண்டி எங்கே நின்றாலும் வெண்ணெயாக நின்றது. நான் தேறிவிட்டதாக நினைத்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

பின் இருக்கையிலிருந்த மகள் அதை ஒரே பேச்சில் இறக்கினாள். "அம்மா, நீ பிரேக்கே போடறதில்லை தெரியுமா? உன் காலுக்கு முன்னாடி அப்பா கால் போயிடுது."

"வாயை மூடிக்கிட்டு வா," என்றேன். ஆனால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் நிலையத்தின் மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் மைக்ரோஸ்கோப். எதையும் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கி, குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். ஒரு நாள் வேலை முடிகிற நேரத்தில், கையில் ஐஸ் பெட்டியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"கார் கொண்டு வந்திருக்கீங்களா?"

"வெளியில நிக்குது சார்."

"வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம். நீங்க எப்படி ஓட்டறீங்கன்னு நான் பாக்கணும். ட்யூப்ல எல்லாம் கலர் தண்ணி நிரப்பி வச்சிருக்கேன். ஒண்ணு சாஞ்சாலும் இந்த வேலை உங்களுக்கு இல்லை."

காலையில் நிலைய வாசல் வரை என்னோடு வந்த என் கணவர் அங்கிருந்து வேலைக்குப் போயிருந்தார், திரும்பக் கூட்டிப்போக இன்னும் வரவில்லை. மைக்ரோஸ்கோப் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். பெட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

நான் சொல்லத்தான் பார்த்தேன். இது சத்தியம். "சார், உங்க கால்கிட்ட..."

"பேசக் கூடாது. ரோட்டைப் பாருங்க."

"இல்ல சார், கீழ வந்து..."

"ஏம்மா, ஓட்டறப்ப பேசறவங்களை எனக்கு ஆகவே ஆகாது."

சரி, ஆகாது என்றால் நான் என்ன செய்ய முடியும்? வண்டியை எடுத்தேன்.

ஊரில் யார் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலும், பயம் வந்தால் காலைத் தரையில் ஊன்றுவார்கள். மைக்ரோஸ்கோப் பெரிய பயந்தாங்கொள்ளி. இது அவர் பெட்டியை இறுக்கிப் பிடித்ததிலேயே தெரிந்தது. முதல் திருப்பத்தில் ஒரு லாரி மூக்கை நீட்டியது. அவர் கால் ஊன்றியது. நான் கிளட்சை மிதித்தேன். வாத்தியார் அலுங்காமல் நின்றார்.

"அட!" என்றார் மைக்ரோஸ்கோப்.

பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் சாலையைக் கடந்தார்கள். கால் ஊன்றியது. வண்டி நின்றது. ஒரு ஆட்டோ குறுக்கே திரும்பியது. கால், கிளட்ச், நிறுத்தம். என் கணவரை விட இவர் கால் மிருதுவானது, ஆகவே வண்டி இன்னும் அழகாக நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தேன். இந்தப் பக்கம் திரும்பினால் சிரித்துவிடுவேன்.

திரும்பி வந்ததும் பெட்டியைத் திறந்தார். கலர் தண்ணீர் அடைத்த ட்யூப்கள் சிப்பாய்கள் மாதிரி நின்றன. அவர் என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக மரியாதை இருந்தது.

"நிறுத்துங்கன்னு சொல்ல நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நிறுத்திட்டீங்களேம்மா! என் மனசுல ஓடறது உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"எல்லாம் உங்க தயவு சார்," என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

வேலை எனக்குத்தான், திங்கட்கிழமை ஆரம்பம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

வீட்டில் சொன்னதும் மகள் தரையில் உருண்டாள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "சீக்கிரமா போட்டாரா? என்னைவிடவா?" என்று கேட்டார். முகம் சற்று வாடியிருந்தது.

சிரிப்பு அடங்கினபிறகு, பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பயம் வந்தது. மகள் அன்று சொன்னது நிஜம். இவர் நிறுத்தினார், இப்போது மைக்ரோஸ்கோப் நிறுத்தினார். நானாக எப்போது நிறுத்தினேன்? திங்கட்கிழமை அந்த இருக்கையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஐஸ் பெட்டியை அங்கே வைத்து சீட் பெல்ட்டால் கட்ட வேண்டும் என்று உத்தரவு. பெட்டிக்குக் கால் கிடையாது.

"நான் லீவு போட்டுட்டு வரேன்," என்றார் இவர்.

"எங்க உட்காருவீங்க? அங்க பெட்டி இருக்கும்."

"பின் சீட்ல உட்கார்ந்துக்கறேன்."

"அங்க பிரேக் இல்லையே."

அதைச் சற்று யோசித்தார். "அப்ப வேண்டாம்," என்றார். உடனே, "பெட்டியைப் பின்னாடி வச்சுட்டா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயந்திருக்கிற ஆளிடம் இன்னொரு ஆள் பயந்தால் கோபம்தான் வரும். "உங்க லிஃப்ட்ல தினம் எத்தனை பேர் ஏறி இறங்கறாங்க? ஒவ்வொருத்தர் கூடவும் நீங்க போய்க்கிட்டா இருக்கீங்க? சரி பார்த்து விட்டுட்டு வந்துடறீங்கல்ல?"

"அதுல யாரும் நீ இல்லையே," என்றார்.

இந்த மனிதர் இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு தடவைகூட ஆசையாக நாலு வார்த்தை பேசினதில்லை. பேசுவதென்றால் சண்டைக்கு நடுவில்தான் பேசுவார்போல. இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தனியாகத்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஜன்னலில்லாத அறைக்குத் திரும்பிப் போக என்னால் முடியாது.

திங்கட்கிழமை காலையில் அவர் வாத்தியாருக்கு அடியில் படுத்து எழுந்தார். டயர்களை உதைத்துப் பார்த்தார். கேட்டைத் திறந்துவிட்டார். நிலையத்துக்குப் போய்ப் பெட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அதுவரை தெருக்கள் காலியாக இருந்ததால் பிழைத்தேன். கடைவீதிக்குள் நுழைந்ததும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த குப்பை வண்டி திடீரென்று நின்றது.

என் கால் பழக்கப்படி கிளட்சை மிதித்தது. மிதித்துவிட்டுக் காத்திருந்தது. இன்னொரு கால் வந்து நிறுத்தும் என்று காத்திருந்தது. வண்டி காத்திருக்கவில்லை. தடையேதும் இல்லாமல் உருண்டு போனது. குப்பை வண்டியின் பின்பலகையில் காய்ந்திருந்த பழத்தோல்களும் அழுக்குத் துணியும் கண்ணாடி முழுக்கப் பெரிதாகிக்கொண்டே வந்தன. பக்கத்தில் பார்த்தேன். பெட்டி உட்கார்ந்திருந்தது.

"யாராவது போடுங்களேன்!" என்று வாய்விட்டுக் கத்தினேன். பிறகுதான் அந்த யாராவது நான்தான் என்று உறைத்தது. அழுத்தினேன்.

வாத்தியார் ஒரு சாண் இடைவெளியில் நின்றார். குப்பை அள்ளுகிறவர் இறங்கி வந்து, அந்த இடைவெளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா நிறுத்துனீங்கக்கா," என்று சொல்லிவிட்டுத் தன் தொட்டியைத் தூக்கப் போனார். என் கைகள் ஸ்டீயரிங்கில் நடுங்கிக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று நடுக்கம் நிற்கும்வரை அங்கேயே இருந்தேன். ரத்தம் எடுக்கப் போகிறவளுக்குக் கை நடுங்கக் கூடாது.

அதன்பிறகு எல்லா இடத்திலும் நானே நிறுத்தினேன். சில இடத்தில் தேவைக்கு அதிகமாகவே நிறுத்தினேன். ஒரு புறாவுக்கும் நின்றேன், யாரிடமும் சொல்லாதீர்கள். மூன்றாம் மாடி வீட்டில் ஒரு தாத்தா ஊசியைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். ஒரு வீட்டில் ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்தது. ரத்தம் எடுத்து முடித்தபிறகும் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். ட்யூப்களை நிலையத்தில் ஒப்படைத்தேன். மைக்ரோஸ்கோப் பெட்டிக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் அகப்படாமல் போனார்.

மதியம் வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தும்போதே எனக்குப் பேச்சு தயாராக இருந்தது. இத்தனை நாள் அவர் போட்ட ஒவ்வொரு பிரேக்குக்கும் பதில் வைத்திருந்தேன். கதவைத் தள்ளினேன். மூன்று தாழ்ப்பாளும் திறந்தே கிடந்தன.

இவர் வேலைக்குப் போகவில்லை. கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலுக்குக் கீழே இருந்த தரைவிரிப்பு நகர்ந்து, மடிந்து, எதிர்ச் சுவரோரமாகச் சுருண்டு கிடந்தது. அவர் வலது கால் வெறும் தரையில் ஊன்றியிருந்தது.

"காலைலேர்ந்து இந்தச் சேரை விட்டு எழுந்திரிக்கலைம்மா," என்றாள் மகள். "நீ கிளம்பினதுலேர்ந்து கால் மட்டும் போயிட்டே இருக்கு. நானும் விரிப்பை இழுத்து இழுத்துப் போட்டுப் பார்த்துட்டேன். முடியலை."

"அது வழுக்குது," என்றார் இவர். "வேற வாங்கணும்."

நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"எங்கெங்க போட்டீங்க?"

"எல்லா முக்குலயும் போட்டேன்."

"கடைவீதியில, குப்பை வண்டிகிட்ட?"

துள்ளி எழுந்தார். "குப்பை வண்டியா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அது ஒண்ணுதான் நீங்க போடலை. அது நான் போட்டது."

என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கயிற்றையும் கப்பியையும் பார்க்கிற பார்வை. கடைசியில், கடை லிஃப்டுக்குள் நின்று ஆட்டுவாரே, அந்தத் தலையாட்டல் ஒன்று ஆட்டினார். அப்படியே நாற்காலியில் சாய்ந்து, "கெண்டைக்கால் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது," என்றார்.

வலித் தைலப் புட்டியை எடுத்து அவர் மடியில் எறிந்தேன். அழுதுகொண்டே சிரித்தேனா, சிரித்துக்கொண்டே அழுதேனா என்று மகளைத்தான் கேட்க வேண்டும். அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நிதானமாகத் தைலம் தேய்த்தார்.

"நாளைக்கு எந்தெந்தத் தெரு வழியா போவேன்னு சொல்லிட்டுப் போ," என்றார் தலையைத் தூக்காமலே.

"எதுக்கு?"

"முக்கு வர்றப்ப போடணும்ல."